டொராண்டோ குளிரில் சின்னக் குழந்தையோடு வெளியே போவது: முழுமையான வழிகாட்டி

டிசம்பர் முதல் மார்ச் வரை, ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தையை டொராண்டோவில் வெளியே கூட்டிப் போவது எப்படி என்று இதில் எழுதுகிறேன். இங்கே முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் குடும்பங்கள்தான் என் மனதில் இருக்கிறார்கள்.

புதிதாக வந்தவர்கள் துணி போதுமா என்றே கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை தடுமாற்றம் பெரும்பாலும் வரிசையில்தான் வருகிறது. குழந்தைக்கு எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, அப்புறம்தான் அப்பா சாவியைத் தேடுவார், அம்மா பிளாஸ்க்கை நிரப்புவார். ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஸ்னோசூட்டோடு (பனிக்கான தடித்த மேலுடை) பத்து நிமிடம் நிற்கும் குழந்தைக்கு வியர்த்துவிடும். வியர்வையில் நனைந்த துணியோடு மைனஸ் 8 டிகிரியில் இறங்கினால், எத்தனை அடுக்கு போட்டிருந்தாலும் உடம்பு சில்லிட்டுப் போகும்.

அதனால் குழந்தைக்குக் கடைசியில்தான் உடுத்த வேண்டும். உடுத்திய ஐந்து நிமிடத்துக்குள் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். கீழே வருபவை எல்லாம் அதற்கான ஏற்பாடுகள்.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாங்கிய கம்பளி ஸ்வெட்டரும் குரங்கு குல்லாவும் இங்கே வீட்டுக்குள் போட்டுக்கொள்ள உதவும். வெளியே போதாது. பின்னல் துணியின் ஓட்டைகள் வழியே காற்று நேராக உள்ளே வரும். பனி பட்டால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

தேவைப்படுவது மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), அதன்மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஸ்னோசூட். உள்ளாடை பருத்தியாக இருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான் சரி. ஆனால் அது வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு சீக்கிரம் காயாது, குளிரில் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துவிடும். பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளித் தெர்மல் வாங்குங்கள்.

ஸ்னோசூட் ஒற்றைத் துண்டாக இருப்பது இந்த வயதுக்கு நல்லது. குழந்தை உட்கார்ந்து புரண்டாலும் இடுப்பு வழியே பனி உள்ளே போகாது. கழுத்திலிருந்து கால் வரை ஜிப் திறக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டயப்பரை விட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் பழகும் குழந்தை என்றால் மட்டும் ஜாக்கெட்டும் தோள்பட்டை வைத்த பனிப் பேன்ட்டும் தனித்தனியாக வாங்கலாம். அவசரத்தில் ஒற்றைத் துண்டைக் கழற்றி முடிப்பதற்குள் காரியம் கெட்டுவிடும்.

பூட்ஸ் உள்ளே விரல்கள் அசைய இடம் வேண்டும். "குளிருமே" என்று இரண்டு சாக்ஸைத் திணித்து மாட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். கால் இறுகினால் இரத்த ஓட்டம் குறையும், சூட்டைப் பிடித்து வைக்கும் காற்றுக்கும் இடமிருக்காது. பாதம் முன்னைவிட வேகமாகக் குளிரும். ஒரே ஒரு தடித்த சாக்ஸ் போதும். உள் லைனரைக் கழற்ற முடிகிற பூட்ஸாக வாங்கினால் காய வைப்பது சுலபம்.

கையுறையில் ஐந்து விரலும் தனித்தனியாகப் பிரிந்த வகை வேண்டாம். விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூட்டைக் காக்கும், மாட்டுவதும் எளிது. முழங்கைப் பக்கம் வரை நீளும் மிட்டனாகப் பார்த்து இரண்டு ஜோடி வாங்குங்கள். ஒரு ஜோடி நனைவது நிச்சயம்.

மஃப்ளர் வேண்டவே வேண்டாம். சறுக்கு மரத்திலோ ஸ்லெட்டிலோ (பனியில் இழுக்கும் சறுக்குப் பலகை) மாட்டிக் கழுத்தை இறுக்கக்கூடும். தலைவழியே போடும் கழுத்து வளையம் ஒன்று வாங்குங்கள். தொங்கும் நாடாக்கள் எந்த உடையில் இருந்தாலும் வெட்டி எடுத்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் புதிதாக வாங்கத் தேவையில்லை. குழந்தைகள் ஒரு குளிர்காலத்துக்குள் வளர்ந்துவிடுவதால், வேல்யூ வில்லேஜ், ஒன்ஸ் அப்பான் எ சைல்ட் போன்ற பழைய பொருள் கடைகளில் அதிகம் பயன்படுத்தாத ஸ்னோசூட்கள் கிடைக்கும். பூட்ஸும் மிட்டனும் மட்டும் புதிதாக இருக்கட்டும். ஜனவரி கடைசிக்கு மேல் கடைகள் வசந்தகாலச் சரக்குக்கு மாறத் தொடங்கும், சரியான அளவு அகப்படுவது கடினம். அக்டோபர், நவம்பரிலேயே வாங்கி முடித்துவிடுங்கள்.

2. வானிலையில் எந்த எண்ணைப் பார்ப்பது

வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது புதியவர்களின் வழக்கம். பார்க்க வேண்டியது விண்ட் சில். காற்று வீசும்போது தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்பதைச் சொல்லும் எண் அது. மைனஸ் 9 என்று காட்டும் நாளில் விண்ட் சில் மைனஸ் 18 ஆக இருக்கலாம். கனடா அரசின் வெதர்கேன் செயலியில் இரண்டையும் பார்க்கலாம்.

வெப்பநிலை மைனஸ் 25க்குக் கீழே போனாலோ, விண்ட் சில் மைனஸ் 28ஐத் தொட்டாலோ குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்கிறது கனடியக் குழந்தை மருத்துவர் சங்கம். அந்த அளவில் திறந்த தோல் உறையத் தொடங்கலாம். சின்னக் குழந்தைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இன்னும் கொஞ்சம் கண்டிப்பானது. விண்ட் சில் மைனஸ் 10 வரை அரை மணி நேரம். மைனஸ் 10 முதல் 20 வரை பதினைந்து நிமிடம், அப்புறம் உள்ளே. அதற்கும் கீழே என்றால் கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குப் போவது மட்டும்தான்.

பூஜ்யத்தை ஒட்டி மழையும் பனியும் கலந்து பெய்யும் நாளைச் சுலபமான நாள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் நனையும். உலர்ந்த மைனஸ் 7 அதைவிட எவ்வளவோ நல்லது. உறைமழை எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம், நடைபாதை முழுக்கக் கண்ணாடிப் பனியாக இருக்கும்.

நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள் போய்வருவதுதான் நல்லது. குழந்தை தூங்கி எழுந்து சாப்பிட்டிருக்கும், வெயிலும் இருக்கும். மதியத் தூக்கத்துக்குப் பிறகு என்று திட்டம் போட்டால் பெரும்பாலும் இருட்டில்தான் போய் முடியும்.

3. இடம்: பக்கத்தில் சூடான அறை வேண்டும்

ஐந்து நிமிட நடையில் சூடான அறையும் கழிப்பறையும் இருக்கிறதா என்பதுதான் இடம் தேர்வதற்கான அளவுகோல். அழகான இடமா என்று பார்ப்பதை கோடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதல் தடவை எங்கும் போக வேண்டாம். உங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பனியிலேயே பத்து நிமிடம் விளையாடவிட்டுத் திரும்புங்கள். பூட்ஸ் கழல்கிறதா, மிட்டனைப் பிடுங்கி எறிகிறதா, கழுத்தில் பனி போகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். வீடு பத்தடியில் இருக்கும்போது கற்றுக்கொள்வதுதான் நல்லது.

அதற்கு அடுத்து, நகரத்தின் நடுவில் ஆலன் கார்டன்ஸ் கண்ணாடி மாளிகை. அனுமதி இலவசம். வெளியே பூங்காவில் பத்து நிமிடம் பனியில் நடந்துவிட்டு உள்ளே போனால் பனை வகைகளும் வெப்பமண்டலச் செடிகளும் வெதுவெதுப்பான ஈரக்காற்றும். உள்ளே போனதும் ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள்.

அங்கிருந்து அதிக தூரமில்லாத ரிவர்டேல் ஃபார்மும் இலவசம். மாடு, ஆடு, பன்றி எல்லாம் குழந்தை உயரத்துக்கே தெரியும். ஸ்கார்பரோவில் இருப்பவர்களுக்கு டொராண்டோ விலங்குப் பூங்கா கிட்டே. மழைக்காட்டு அரங்கம் போன்ற சூடான உள்ளரங்குகள் அங்கே உண்டு. ஆனால் அரங்குகளுக்கு இடையே தூரம் அதிகம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காமல் இரண்டைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

மிகக் குளிரான நாட்களுக்கு டொராண்டோ பொது நூலகத்தின் உங்கள் பகுதிக் கிளையும், ஆறு வயது வரையான குழந்தைகளுக்கு இலவசமாக நடக்கும் எர்லிஆன் மையங்களும் இருக்கின்றன. அங்கே நடந்து போய்வருவதும் வெளியே போவதுதான்.

ஒன்டாரியோ ஏரிக்கரையைக் குளிர்காலத்தில் தவிர்த்துவிடுவேன். ஒரே வெப்பநிலையிலும் ஏரிக்காற்று அங்கே கன்னத்தை அறையும். மார்னிங்சைட் பார்க் போல மரங்கள் சூழ்ந்த பள்ளத்தாக்குகளில் காற்று அடங்கி இருக்கும்.

4. முந்தின இரவு

பையை இரவே கட்டி வாசலில் வையுங்கள். மாற்று மிட்டன், மாற்று சாக்ஸ், டயப்பர், ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, ஒரு மெல்லிய போர்வை, மாற்று பேன்ட். பெரியவர்களின் சாவி, பஸ் கார்டு, போன் சார்ஜ் எல்லாம் இதில் சேர்த்தி. காலையில் எதையும் தேட வேண்டியிருக்கக் கூடாது.

பூட்ஸ் லைனரும் மிட்டனும் உள்ளே ஈரமில்லாமல் இருக்கிறதா என்று கைவிட்டுப் பாருங்கள். வெளியே காய்ந்தது போல இருந்து உள்ளே ஈரம் தங்கியிருக்கும்.

சாப்பாட்டுப் பிளாஸ்க்கில் ரசம் சாதமோ பருப்பு சாதமோ குழைவாகப் பிசைந்து எடுத்துப் போகலாம். நிரப்புவதற்கு முன் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்துக் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சாதத்தின் சூட்டை முதலில் எஃகே குடித்துவிடும். பாலைச் சூடாக்கி மணிக்கணக்கில் பிளாஸ்க்கில் வைக்கக் கூடாது, வெதுவெதுப்பில் கிருமி வளரும். வெந்நீரைத் தனியாகவும் பால்பொடியைத் தனியாகவும் எடுத்துப்போய் அங்கே கலக்குங்கள்.

5. உடுத்தும் வரிசை

இந்தப் பகுதியைத்தான் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டச் சொல்வேன்.

முதலில் குழந்தைக்குச் சாப்பாடு, டயப்பர் மாற்றுவது அல்லது கழிப்பறை. வெறும் வயிற்றில் குளிர் அதிகம் தெரியும். தலைக்குக் குளிப்பாட்டிய நாளாக இருந்தால் முடி வேர்வரை காய்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தெர்மலும் ஃப்ளீஸும் சாக்ஸும். இவற்றோடு வீட்டுக்குள் கொஞ்ச நேரம் இருந்தால் பரவாயில்லை. கன்னத்திலும் மூக்கிலும் வாஸ்லின் களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். பனி மூடிய நாளில் நல்ல வெயில் அடித்தால் சன்ஸ்கிரீனும் வேண்டும். புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும்.

மூன்றாவது, பெரியவர்கள் முழுமையாகத் தயாராகுங்கள். பூட்ஸ் உட்பட எல்லாம். கோட்டை மட்டும் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள், குனிந்து குழந்தைக்கு மாட்டும்போது உங்களுக்கும் வியர்க்கும், பொறுமையும் போகும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் முன்னால் போய்க் காரின் பனியைச் சுரண்டலாம். புகைபோக்கிக் குழாயைப் பனி மூடியிருந்தால் அதை அகற்றிய பிறகே எஞ்சினைப் போடுங்கள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

நான்காவது, ஸ்னோசூட். வாசலருகே தரையில் ஜிப்பை முழுக்கத் திறந்து விரித்து வையுங்கள். குழந்தையை அதன்மேல் உட்காரவைத்து இரண்டு காலையும் நுழைத்துவிடுங்கள். உடனே பூட்ஸ். ஸ்னோசூட்டின் கால் விளிம்பு பூட்ஸுக்கு வெளியே வர வேண்டும். உள்ளே சொருகினால் பனி வழுக்கி நேராகப் பாதத்துக்குப் போகும்.

பிறகு கழுத்து வளையம், காதை மூடும் தொப்பி. கையை நுழைப்பதற்கு முன் மிட்டனை மாட்டிவிடுங்கள், அதன்மேல் ஸ்னோசூட்டின் கை. பெரும்பாலானோர் இதை மாற்றிச் செய்கிறார்கள். மிட்டனின் நீளமான பகுதி ஸ்னோசூட்டின் கைக்குள் அடங்கிவிட்டால் குழந்தையால் இழுத்துக் கழற்ற முடியாது, மணிக்கட்டிலும் பனி படாது.

கடைசியாக ஜிப். தாடைக்குக் கீழே உங்கள் விரலை வைத்துக்கொண்டு இழுங்கள். ஒருமுறை தோல் மாட்டினால் அடுத்த வாரம் முழுக்க ஜிப்பைப் பார்த்தாலே குழந்தை அழும்.

அடம் பிடிக்கும் குழந்தையோடு "போடலாமா?" என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் பதில் வரும். "நீல மிட்டனா, சிவப்பு மிட்டனா?" என்று கேளுங்கள். எதைச் சொன்னாலும் மிட்டன் கையில் ஏறிவிடும். அப்படியும் அழுது உடம்பெல்லாம் சூடாகிவிட்டால் ஜிப்பைத் திறந்து, அடங்கும்வரை காத்திருங்கள்.

6. காரில் போனால் வரிசை மாறும்

இது பாதுகாப்பு விஷயம் என்பதால் தனியாக எழுதுகிறேன். ஸ்னோசூட்டோடு குழந்தையைக் கார் சீட்டில் உட்காரவைத்துப் பட்டையைப் போடக் கூடாது. பட்டை இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும். விபத்தின் வேகத்தில் ஸ்னோசூட்டின் பஞ்சு அமுங்கிப் பட்டைக்கும் உடம்புக்கும் இடையே இடைவெளி விழும். குழந்தை பட்டையிலிருந்து நழுவிவிடலாம்.

தெர்மல், ஃப்ளீஸ், தொப்பி, மெல்லிய காலணி போதும். பட்டையைப் போட்டு, தோள் எலும்பருகே இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். பட்டையை மடித்துப் பிடிக்க முடிந்தால் இன்னும் இறுக்க வேண்டும். மார்பு கிளிப் அக்குள் மட்டத்தில் இருக்கட்டும். அதற்குமேல் போர்வையைப் போர்த்துங்கள். காரை முன்கூட்டியே சூடாக்கி வைத்தால் ஐந்தாவது நிமிடத்தில் போர்வையும் தேவைப்படாது. குழந்தைக்கும் சீட்டுக்கும் நடுவே வரும் பஞ்சு உறைகளைக் கடையில் விற்பார்கள், சீட்டோடு வராத எதையும் நடுவில் வைக்காதீர்கள்.

ஸ்னோசூட்டைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த பிறகு காருக்குள்ளேயே மாட்டுங்கள். ஒருவர் பின் சீட்டில் ஏறிக் கதவை மூடிக்கொண்டால் வேலை சீக்கிரம் முடியும்.

டிடிசி (நகரப் பொதுப் போக்குவரத்து) பஸ்ஸிலும் சப்வேயிலும் 12 வயது வரை டிக்கெட் இல்லை. உள்ளே நல்ல சூடு. ஏறியதும் தொப்பியை எடுத்து ஜிப்பை இடுப்புவரை திறந்துவிடுங்கள். இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே திரும்ப மூட ஆரம்பியுங்கள்.

ஸ்ட்ரோலரில் உட்கார்ந்திருக்கும் குழந்தை அசையாததால், நடக்கும் உங்களைவிட அதற்கு அதிகம் குளிரும். உங்கள் உடம்பை வைத்து அதைக் கணக்கிடாதீர்கள். காற்றுத் துளை இல்லாத பிளாஸ்டிக் உறையால் முழுக்க மூடவும் கூடாது. புதுப்பனியில் சின்னச் சக்கரங்கள் உருளாது. அந்த நாட்களில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் ஸ்லெட்தான் வசதி.

7. வெளியே இருக்கும்போது

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடரியில் கைவிட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக உலர்ந்திருந்தால் சரி. ஈரமாக இருந்தால் அடுக்கு அதிகம், குளிர்ந்திருந்தால் உள்ளே போகும் நேரம். கை கொஞ்சம் சில்லென்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆனால் மிட்டன் நனைந்துவிட்டால் உடனே மாற்றுங்கள்.

இந்த வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் "குளிருது" என்று சொல்லத் தெரியாது. விளையாடிக்கொண்டிருந்தது சட்டென்று அமைதியாகி நின்றாலோ, காரணமில்லாமல் சிணுங்கினாலோ, அதுதான் அது சொல்லும் விதம். கன்னம் சிவந்திருந்தால் பயமில்லை. சிவப்பு மறைந்து வெளுத்த திட்டு தெரிந்தால் உடனே உள்ளே போங்கள்.

பனித்தரையில் குழந்தையின் ஒரு மணிக்கட்டைப் பிடித்தபடி நடக்காதீர்கள். கால் வழுக்கும்போது நாம் அனிச்சையாக மேலே இழுப்போம், அந்த இழுப்பில் பிஞ்சு முழங்கை எலும்பு விலகிவிடலாம். விழுந்தால் விழட்டும், ஸ்னோசூட் மெத்தையாகத் தாங்கும். வழுக்கும் இடத்தில் தூக்கிக்கொள்ளுங்கள்.

சாலையோரப் பனிக்குவியலில் ஏறி விளையாட விடவே கூடாது. பனி தள்ளும் வண்டி ஓட்டுபவருக்கு மேலிருந்து குழந்தை தெரியாது. அந்தப் பனியில் உப்பும் அழுக்கும் கலந்திருக்கும், வாயில் வைக்கவும் விடாதீர்கள். உலோகக் கம்பியில் நாக்கு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள், தானாக விடும்.

ஸ்லெட்டைத் தட்டையான தரையில் இழுத்தால் போதும். மேட்டிலிருந்து சறுக்கினால் பெரியவர் கூடவே உட்கார வேண்டும், குழந்தைக்கு ஹெல்மெட்டும் வேண்டும்.

நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் என்று நீட்டித்தால், அழும் குழந்தையோடு காருக்கு நடக்க வேண்டி வரும்.

8. வீடு திரும்பியதும்

வாசலிலேயே கழற்றுங்கள். மிட்டன், பூட்ஸ், ஸ்னோசூட், பிறகு மற்றவை. ஃப்ளீஸின் கைவிளிம்பையும் சாக்ஸையும் தொட்டுப் பாருங்கள், ஈரமென்றால் மாற்றுங்கள். அப்புறம் சூடான சாப்பாடும் தண்ணீரும். குளிரில் தாகம் தெரியாததால் குழந்தைகள் குறைவாகத்தான் குடித்திருப்பார்கள்.

விரலிலோ காதிலோ கன்னத்திலோ வெளுத்த, மரத்த இடம் தெரிந்தால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் தோல் இன்னும் கெடும். ஹீட்டர் முன்னாலும் காட்டக் கூடாது, மரத்த தோலுக்குச் சூடு உறைக்காததால் வெந்துபோகலாம். உங்கள் உள்ளங்கையால் பொத்துங்கள், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். நிறம் திரும்பவில்லை, கொப்புளம் வருகிறது என்றால் மருத்துவமனைக்குப் போங்கள். சந்தேகமாக இருந்தால் ஒன்டாரியோவில் 811ஐ அழைக்கலாம், எந்த நேரமும் நர்ஸ் பேசுவார்.

லைனர்களை உருவித் தனியாக வையுங்கள். ஸ்னோசூட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி தொங்கவிடுங்கள். இதை வந்தவுடன் செய்தால்தான் மறுநாள் போக முடியும்.

9. ஊரிலிருந்து பாட்டி தாத்தா வந்திருந்தால்

"இந்தக் குளிரில் பிள்ளையைக் கூட்டிப் போனால் சளி பிடிக்காதா?" என்று கேட்பார்கள். அது அக்கறையில் வருகிற கேள்வி, அதற்குரிய மரியாதையோடு பதில் சொல்லுங்கள். சளி வைரஸால் வருவது. அது அதிகம் பரவுவது எல்லோரும் அடைந்து கிடக்கும் மூடிய அறைகளில்தான். பிடரியைத் தொட்டுப் பார்க்கும் பொறுப்பைப் பாட்டியிடமே கொடுத்துவிடுங்கள். சூடு இருப்பது அவர் கைக்கே தெரிந்தால் கூடுதலாக இன்னொரு ஸ்வெட்டரைத் திணிக்கமாட்டார்.

அவர்களுக்கும் பிடிப்புள்ள பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். அறுபது வயதுக்கு மேல் பனியில் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் ஆபத்து உண்டு, குழந்தை விழுவதைவிட அது பெரிய விஷயம். பூட்ஸோடு மாட்டும் முள் பட்டைகள் கனடியன் டயர் போன்ற கடைகளில் கிடைக்கும். கட்டடத்துக்குள்ளும் கடைக்குள்ளும் நுழைந்ததும் அவற்றைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், வழவழப்பான ஓட்டுத் தரையில் அதே முள் வழுக்கிவிடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனியில் நடக்கும் வேலையை அவர்களிடம் கொடுக்காதீர்கள். ஸ்லெட் கயிறு நம் கையில், பாட்டி தாத்தா பக்கத்தில் நடந்து வரட்டும்.